மலாவியின் பதின்மூன்று புள்ளிகள்

எங்கள் அப்பாவுக்கு ஒரு பழக்கம். யார் எந்தப் பரீட்சைத் தாளைத் திருத்தித் தந்தாலும், அவர் மார்க்ஸைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எனக்கு எழுபத்தெட்டு வந்தது. நான் துள்ளிக்கொண்டு போய்த் தாளை நீட்டினேன். அப்பா பேனையை எடுத்தார்.

"எண்பது வருது, பிள்ளை. மரியமலர் ரீச்சர் ரெண்டை விட்டிட்டா."

"பரவாயில்லை அப்பா, விடுங்கோ."

"ஏன் விடவேணும்? அது உன்ரை ரெண்டு மார்க்ஸ். வா, போவம்."

அப்பா பிடித்தால் உடும்புப்பிடி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என்னையும் இழுத்துக்கொண்டு ரீச்சரின் மேசைக்குப் போனார். ரீச்சர் சிரித்தபடி திருத்தித் தந்தார். எனக்குத்தான் மானம் போய்விட்டது. பெரியவளானதும் இப்படி யாரையும் கரைச்சல்படுத்தமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அது 2003ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ரக்பி உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில், மோர்டனில் எங்கள் ஆறாம் வகுப்புக்கே ரக்பிப் பைத்தியம் பிடித்திருந்தது.

எங்கள் வகுப்பு ஆசிரியை மிஸ் ஹார்ப்பர் பின்சுவரை வெறுமையாக்கினார். "இரண்டு இரண்டு பேராகச் சேருங்கள். ஓர் அணியின் வரலாற்றையும் வெற்றி தோல்விகளையும் எழுதி இங்கே ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பெற்றோர் வந்து பார்ப்பார்கள்."

மிதுலன் பாய்ந்து இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டான். என் தோழி தமண்டா என் கையையும் பிடித்து உயர்த்தினாள்.

"நானும் ஆரணியும் மலாவி, மிஸ்."

"மலாவியா? அது உலகக் கோப்பையிலேயே இல்லையே!" என்றான் மிதுலன்.

"இல்லாவிட்டால் என்ன? என் அப்பா அந்த அணிக்கு விளையாடியவர். பக்கத்து நாட்டைப் பதின்மூன்றுக்குப் பத்து என்று வென்றார்கள். கடைசி உதை அப்பாதான் உதைத்தார்!"

மலாவி நாட்டிலிருந்து வந்த தமண்டாவின் அப்பா மிஸ்டர் கச்சாலே எங்கள் பகுதியில் பஸ் ஓட்டினார். அவருடைய தோளின் அகலத்துக்கு அந்த ஓட்டுநர் ஆசனம் போதவே போதாது. பள்ளி வாசலில் எங்களைக் கண்டால் இரண்டு தடவை ஹோர்ன் அடிப்பார்.

நூலகத்தில் மலாவி ரக்பி பற்றி ஒரு வரிகூட இல்லை. மிஸ் ஹார்ப்பர்தான் இணையத்தில் தேடினார். யாரோ ஒரு ரசிகர் தட்டச்சு செய்து போட்டிருந்த இரண்டு பக்கங்களை அச்சிட்டுத் தந்தார்.

விளையாடியது பதினொன்று. வென்றது பூச்சியம். தோற்றது பதினொன்று.

தமண்டாவின் விரல் ஒன்பதாவது போட்டியில் போய் நின்றது. மலாவி 10, பக்கத்து நாடு 13. (அந்தப் பக்கத்து நாட்டின் பெயரை நான் சொல்லமாட்டேன். அந்த நாட்டுப் பிள்ளை ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். நல்ல பிள்ளை.)

மிதுலன் எட்டிப் பார்த்தான். "தோல்வி! உன் அப்பா நன்றாகப் புளுகியிருக்கிறார்."

வகுப்பே சிரித்தது. தமண்டா தாளை மடித்து எடுத்துக்கொண்டாள். இடைவேளையில் மைதானத்து மூலையில் நின்று அழுதாள்.

"வெள்ளிக்கிழமை வருவதற்கு அப்பா ஷிப்ட் மாற்றிவிட்டார், ஆரணி. வந்ததும் அந்தப் போட்டியைத்தான் தேடுவார். வரவேண்டாம் என்று சொல்லப்போகிறேன்." கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். "அவர் என்னிடம் பொய் சொல்லியிருப்பாரா?"

"சீச்சீ! அவரிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே. தாளை என்னிடம் தா" என்றேன். எனக்கு மிதுலன்மேல் அவ்வளவு கோபம்.

அன்று பின்னேரம் சமையலறை மேசையில் தாளை விரித்தேன். பேனை எப்படி என் கைக்கு வந்தது என்று எனக்கே தெரியாது. அப்பாவின் மகள்தானே!

ஒவ்வொரு போட்டிக்குக் கீழும் பொடி எழுத்தில் புள்ளி விவரம் இருந்தது. ரக்பிக் கணக்கை மிதுலன் அந்த வாரம் பத்துத் தடவையாவது எங்களுக்குச் சொல்லியிருப்பான். பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிலத்தில் வைத்தால் அது ட்ரை, ஐந்து புள்ளி. பிறகு அந்தப் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. எதிரணி பிழை விட்டுப் பெனால்டி கிடைத்து, அதை உதைத்துப் போட்டால் மூன்று.

மலாவி: ட்ரை இரண்டு, பெனால்டி ஒன்று. ஐந்தும் ஐந்தும் பத்து. பத்தும் மூன்றும்...

பக்கத்து நாடு: ட்ரை ஒன்று, அதற்குப் பிறகு உதை ஒன்று, பெனால்டி ஒன்று. ஐந்து, இரண்டு, மூன்று...

நான் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினேன். மலாவிக்குத்தான் பதின்மூன்று! தட்டச்சு செய்தவர் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்!

மற்றப் பத்துப் போட்டிகளையும் கூட்டினேன். ஐயோ பாவம், அவை எல்லாம் சரி. ஒன்றில் அறுபதுக்கு மூன்று என்று தோற்றிருந்தார்கள்.

மறுநாள் காலை, முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க, தமண்டாவை இழுத்துக்கொண்டு மிஸ் ஹார்ப்பரின் மேசைக்குப் போனேன்.

"பரவாயில்லை, விடு ஆரணி" என்று தமண்டா கிசுகிசுத்தாள்.

"ஏன் விடவேண்டும்? அது உங்களுடைய வெற்றி." உரத்தே சொன்னேன். "மிஸ், இந்தத் தாளில் கூட்டல் பிழை இருக்கிறது!"

மிஸ் ஹார்ப்பர் கூட்டினார். புருவத்தை உயர்த்தினார். "மிதுலன், இங்கே வா. நீயும் ஒரு தடவை கூட்டு."

மிதுலன் விரல் மடித்துக் கூட்டினான். இரண்டாம் தடவையும் கூட்டினான். அவன் காது சிவந்துவிட்டது.

"பதின்மூன்று" என்றான். "தமண்டா, மன்னித்துக்கொள்."

"என்னிடம் இல்லை. நீ புளுகர் என்று சொன்னது என் அப்பாவை."

வெள்ளிக்கிழமை மிஸ்டர் கச்சாலே பஸ் ஓட்டும் உடுப்போடு வந்தார். நேரே எங்கள் சுவருக்குப் போனார். "வென்றது ஒன்று" என்ற வரியின் முன் வெகுநேரம் நின்றார்.

"எட்டு வருடமாகிறது" என்றார். "சில நாட்களில் எனக்கே சந்தேகம் வரும். உண்மையாகவே வென்றோமா, இல்லை கனவு கண்டேனா என்று." அவர் கண் கலங்கியிருந்தது. தமண்டா அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மிதுலன் முன்னால் வந்து, நடந்ததைத் தானே சொல்லி மன்னிப்புக் கேட்டான். மிஸ்டர் கச்சாலே அவனுடன் கை குலுக்கினார். மிதுலனின் கை உள்ளே போய்க் காணாமல் போய்விட்டது.

அப்போதுதான் எங்கள் அப்பாவைக் கண்டேன். பெட்ரோல் நிலைய வேலை முடிந்து நேரே வந்திருந்தார். அவருடைய விரல் எங்கள் பட்டியலில் மேலிருந்து கீழே போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளை, விளையாடினது பதினொண்டு. வெண்டது ஒண்டு. தோத்தது பதினொண்டு எண்டு கிடக்கு. ஒண்டும் பதினொண்டும் பன்னிரண்டல்லோ?"

ஐயையோ! வெற்றியைக் கூட்டிய நான், தோல்வியைக் குறைக்க மறந்துவிட்டேன்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மிஸ்டர் கச்சாலே சுவர் அதிரச் சிரித்தார். அப்பா தன் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து அவரிடம் நீட்டினார். மிஸ்டர் கச்சாலே 11ஐ ஒரே கோட்டில் வெட்டி, பக்கத்தில் 10 என்று ஆற அமர, பெரிதாக எழுதினார்.

"ஒரு தோல்வியைக் குறைப்பது இவ்வளவு சுலபமா!" என்றார்.

அவர் பேனையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தால், அப்பாவைக் காணோம். அவர் ஏற்கெனவே மிதுலனின் இங்கிலாந்துப் பட்டியலுக்குப் போய், விரலை வைத்துக் கூட்டத் தொடங்கியிருந்தார். மிதுலன் பதறிக்கொண்டு ஓடினான்.

"விடுங்கோ அப்பா" என்று நான் சொல்லவில்லை. மிஸ்டர் கச்சாலேயிடமிருந்து பேனையை வாங்கிக்கொண்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்று நானும் கூட்டினேன்.