பஞ்சுப் புதருக்குள் ஒரு வீடு

வாலுவுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. கடலோரச் சதுப்பு நிலத்தில், அவளைப் போல இரண்டு மடங்கு உயரமான ஒரு பஞ்சுப் புதருக்குள் இருந்தது. வாசலில் திரையாக ஒரு பழைய பெட்ஷீட். உட்கார இரண்டு செங்கல். தரை மட்டும் பெருக்கி விட்டது போல எப்போதும் சுத்தம்.

வாலு என்பது அவளுடைய சேட்டையைப் பார்த்துத் தெரு வைத்த பெயர். வாயைத் திறந்தாலே ‘ஏன்’ என்று கேட்கும் அவள் தங்கைக்கு ஏன்பாப்பா என்று பெயர். அந்த வீட்டில் குடியிருந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

சதுப்பு நிலத்தைப் பராமரிப்பது சித்தியின் வேலை. ஒருநாள் சாப்பிடும்போது சித்தி ஒரு செய்தி சொன்னாள். பஞ்சுப் புதர் இந்த ஊர்ச் செடியே இல்லையாம். வேலிக்கு அழகாக இருக்கும் என்று யாரோ நட்டது, இப்போது சதுப்பு முழுக்கப் பரவிவிட்டதாம். சிவப்பு நாடா கட்டிய புதர்களை எல்லாம் நாளைக்கு வெட்டப் போகிறார்களாம்.

வாலு பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டாள்.

விடிந்ததும் தங்கையை இழுத்துக்கொண்டு ஓடினாள். பயந்தது சரியாகப் போயிற்று. அவர்களுடைய புதரிலும் சிவப்பு நாடா தொங்கியது. அதை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒரே ஒரு புதரை விட்டுவிட்டால் குடியா முழுகிப் போகும்?

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் ஏன்பாப்பா ஆரம்பித்தாள்.

“அக்கா, ஏன் நம்ம வீட்ல மட்டும் ஒரு செடிகூட இல்ல?”

“வீடுன்னா தரை சுத்தமாத்தான் இருக்கும்.”

“நாம ஒருநாள்கூட பெருக்கலையே?”

பெருக்குவதற்கும் வாலுவுக்கும் எவ்வளவு தூரம் என்பது அம்மாவுக்கே தெரியும். அப்படியென்றால் தரையைச் சுத்தம் செய்தது யார்?

திரையை விலக்கி வெளியே பார்த்தாள். வெயில் படும் இடமெல்லாம் உமரிச் செடி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. குட்டையான, சதைப்பிடிப்பான செடி. கடித்தால் உப்புக் கரிக்கும். அதற்கு நடுவில் ஒரு சின்னப் பறவை ஓடி ஓடி எதையோ பொறுக்கியது. புதரின் ஓரத்தில் இருந்த உமரி மட்டும் வெளிறிப்போய், வெளிச்சத்தின் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

உள்ளே, செங்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த குச்சி. வாலு தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதுவும் உமரிதான். முதன்முதலில் இங்கே வந்தபோது இதே இடத்தில் உமரியைப் பறித்து மென்றது அவளுக்கு நினைவு வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஒரு துளி வானம்கூடத் தெரியவில்லை; பிறகு வெயில் எப்படி உள்ளே வரும்? என்ன அருமையான கூரை என்று இத்தனை நாள் அவள் பெருமைப்பட்டது இதைப் பார்த்துத்தான்.

வாலுவுக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் வீட்டை விட மனம் வரவில்லை. வெளியே வெளிறிக் கிடந்த உமரியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், பைக்குள் இருந்த நாடாவைக் கிளையில் தானே கட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் சித்தியும் வேலையாட்களும் ரம்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். சித்தி நாடாவை உற்றுப் பார்த்தாள்.

“இது நான் போட்ட முடிச்சு இல்லையே.”

“நான்தான் அவுத்தேன் சித்தி. நானே திரும்பக் கட்டிட்டேன்.”

சித்தி திரையைப் பார்த்தாள், செங்கல்லைப் பார்த்தாள். திட்டவில்லை. இந்தப் புதரைக் கடைசியாக வெட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள்.

பக்கத்துப் புதரில் ரம்பம் வைத்தார்கள். கிளை குலுங்கியதுதான் தாமதம், வெள்ளைப் பஞ்சு குபுகுபுவெனக் கிளம்பிக் காற்றில் பறந்தது. ஒன்று வாலுவின் மூக்கில் வந்து உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தால் அதன் நுனியில் ஒரு பொடி விதை.

“சித்தி, நிறுத்தச் சொல்லுங்க. நாம வெட்ட வெட்ட அது விதைச்சுக்கிட்டே போகுது.”

சித்தி உடனே கையைக் காட்டி நிறுத்தினாள். பஞ்சு வெடிப்பதற்கு முன்பே வெட்டியிருக்க வேண்டும், ஆள் கிடைக்கத் தாமதமாகிவிட்டது என்று தலையைச் சொறிந்தாள். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், எதுவும் சரிப்பட்டு வரவில்லை.

வாலு விடுவிடுவென்று போய் வாசல் திரையைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

“இத மேல போட்டு மூடிக் கட்டிட்டு வெட்டுங்க.”

“இது உன் வீட்டுத் திரையாச்சே?”

“வீடே போகப் போகுது. திரை எதுக்கு?”

ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு புதராக அதன் தலையில் அந்தப் பெட்ஷீட்டைப் போர்த்திக் கட்டினார்கள். பஞ்சுக் கிளைகளை முதலில் வெட்டி அப்படியே சாக்கில் திணித்தார்கள். பல் வலிக்காரர் மாதிரி முண்டாசோடு நின்ற புதரைப் பார்த்து ஏன்பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். வாலுவின் வீடு கடைசியில் போயிற்று. வேரைத் தோண்டும்போது மட்டும் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் அக்காவும் தங்கையும் அந்தப் பக்கம் போனார்கள். செங்கல் இரண்டும் அங்கேயே கிடந்தன. பழைய இடத்தில் உட்கார ஏன்பாப்பா ஓடினாள். வாலு அவளுடைய சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சுத்திப் போ. நம்ம வீட்டுக்கு ஆளுங்க குடி வந்திருக்காங்க.”

ஏன்பாப்பா குனிந்து பார்த்தாள். செங்கல்லைச் சுற்றி, நகத்தளவு உயரத்தில், பச்சைப்பசேலென்று உமரிக் குஞ்சுகள். காலைப் பின்னால் வைத்துச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு மட்டும் அவள் ஏன் என்று கேட்கவே இல்லை.