ஏணியை எடுத்த பிறகு

படகின் அடியில் யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு.

துண்டைப் பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அது அவள் புருஷனின் தட்டு. பவளப்பாறை பார்க்க வந்தவர்களை மேலே ஏற்றிவிட்டு, கடைசியாகத் தான் வரும்போது அடிப்பலகையில் அப்படித் தட்டுவான். அவன் ஏறியதும் அவள் ஏணியை இழுத்துக்கொள்வாள். கல்யாணமானதிலிருந்து தொழில் இப்படித்தான் ஓடுகிறது. இன்று அவன் தட்டாமலே ஏறி வந்தான். அவளும் கைப்பழக்கத்தில் ஏணியை எடுத்துவிட்டாள். இதோ, சுக்கான் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான்.

நல்ல வெயில். குடாவில் அலைகூட இல்லை; பாய்த்துணியின் உப்பு வாடையும், முன்பக்கம் தாங்கள் எடுத்த படங்களைப் பார்த்துச் சிரிக்கும் புதுமண ஜோடியின் சன்ஸ்கிரீன் வாசனையும், பலகையில் தண்ணீர் சொட்டும் சத்தமும் எப்போதும்போலவே இருந்தன. ஆனால் ஏறியதும் "மீனெல்லாம் உன்னத்தான் விசாரிச்சுது" என்று வம்பிழுக்கிறவன் இன்று வாயைத் திறக்கவில்லை. முக்குளிக்கும் மாஸ்க்கையும் கழற்றவில்லை. மூச்சுக்குழாயைக் கடித்தபடி, படகில் உட்கார்ந்தும் அதன் வழியாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவன் மேலிருந்து தண்ணீர் சொட்டுவதும் நிற்கவில்லை.

"ஏங்க... அடியில தட்டுறது கேக்குதா?"

"பாய ஏத்து."

குழாய் வாயிலேயே இருந்தது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"அக்கா, கிளம்பலையா?" என்றாள் புதுப்பெண்.

"இரும்மா."

மறுபடி தட்டு. இந்த முறை தெம்பில்லாமல்.

விளிம்பில் குனிந்தாள். அடிமணல் வரை தெரிந்தது. பலகையைத் தடவிக்கொண்டு ஒரு வலது கை. கட்டைவிரலில் நகம் இல்லை. நங்கூரச் சங்கிலி நசுக்கிய விரல். அவள்தான் மாதக்கணக்கில் மருந்து வைத்துக் கட்டினாள். தலை ஏன் மேலே வரவில்லை? காலை ஏதாவது பிடித்திருக்கிறதா? ஐயோ, அவளுடைய ஆள் கீழே இருக்கிறான். ஏணியை எடுத்தது அவள்தான்.

"வேணாம்," என்றது பின்னாலிருந்து அந்தக் குரல். "ஏணிய போடாத."

போட்டாள்.

கை ஏணிக் கம்பியைப் பிடித்தது. "வாங்க, வந்துடுங்க" என்று அழுதபடி அந்தக் கையை இறுகப் பற்றினாள். படகு சாய்ந்தது. கீழ்ப்படியை இன்னொரு கை பிடித்தது.

அதுவும் வலது கை.

அதன் கீழே இன்னொன்று. இன்னொன்று.

எந்தக் கட்டைவிரலிலும் நகம் இல்லை.