நூல் முடிச்சு

ஆள் இல்லாத கட்டிலில் பாய் நனைந்திருந்தது. நடுவில் ஒரு தோசை அளவு ஈரம். தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. புருஷன் ஜெய்னுலாப்தீனை அடக்கம் செய்து ஐந்து நாளாகிறது.

"மதினி, பாய எதுக்கு நனைச்சீய?" என்றாள் கஞ்சி கொண்டுவந்த நாத்தனார் மாஜிதா.

"தண்ணி கொட்டிருச்சு" என்றாள் நூர்னிசா. பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உடம்பும் மனசும் மரத்துக் கிடந்தன. மாஜிதா தன் வீட்டுக்குப் போய்விடலாம். புருஷனைப் பறிகொடுத்தவள் நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் இத்தா இருக்க வேண்டும். அந்த வீட்டில் இருந்ததோ ஒரே அறை.

சாவதற்கு முந்திய இரண்டு மாதமாக அவருக்குச் சிறுநீர் தானாகப் பிரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வண்டி கட்டி வந்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தேவஇரக்கம், சிவப்பு ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, மறுமுனையைக் கட்டிலுக்கடியில் ஒரு மண்சட்டியில் விட்டார்.

"சட்டி காஞ்சு கெடந்து பாய் நனைஞ்சா, குழாயில அடைப்புன்னு அர்த்தம்மா. மடங்கியிருக்கான்னு பாருங்க. தண்ணி நெறைய குடுங்க. ஒழுகுதேன்னு கட்டிக்கிட்டி வச்சிராதீங்க, ஒடனே ஆளனுப்புங்க." படித்துப் படித்துச் சொன்னார் மனுஷன்.

சொன்னபடியே போன வெள்ளிக்கிழமை சட்டி காய்ந்தது, பாய் நனைந்தது. ஜெய்னுலாப்தீனுக்கு ஒரே ஏக்கம்: ஒரு வெள்ளிக்கிழமையாவது சுத்தமான துணியோடு தொழ வேண்டும். நோயாளிக்குச் சலுகை உண்டென்று பள்ளிவாசல் இமாம் சொல்லியும் அவர் மனசு ஒப்பவில்லை. ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி வீட்டில் நூலுக்கா குறைவு? குழாய் உடம்புக்குள் நுழையும் இடத்தில் நூர்னிசா ஈர நூலைச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஒழுகல் நின்றது. துணி மாற்றிக்கொண்டு படுத்தபடியே தொழுதார். அந்த முகத்தின் நிறைவைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷம்.

தொழுது முடித்ததும், "அவுத்து விடு, நூரு" என்றார்.

"செத்த நேரம் பொறுங்க" என்றாள்.

பத்து நாள் உறங்காத கண். அவள் விழித்தபோது மறுநாள் விடிந்திருந்தது, அவர் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாக்குவெட்டியால் நூலை அறுத்து அடுப்பில் போட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் போனார். குழாயை டிரெஸ்ஸர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று மறுபடியும் வெள்ளி. நனைந்த பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டுப் புதுப்பாய் விரித்தாள். மதியப் பாங்கு ஓய்ந்து, தெரு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, ஓட்டு இடுக்கில் இறங்கிய வெயிலும் புதுக்கோரை வாசனையுமாக அறை புழுங்கிக் கிடந்தபோது, அந்தக் கோரை வாசனைக்குள்ளிருந்தே பழைய மூத்திர நெடி மெல்லக் கிளம்பியது.

சொட்.

கட்டிலுக்கடியில் இன்னும் எடுக்காமல் கிடந்த சட்டியைப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

சொட்.

புதுப்பாயின் நடுவில் ஒரு புள்ளி. உள்ளங்கை அளவு. தோசை அளவு.

"அவுத்து விடு, நூரு."

தெருவிலிருந்து அல்ல. கட்டிலிலிருந்து.

அவள் குனிந்தாள். ஈரத்துக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், கையை நீட்டினாள். ரப்பர். சூடாக இருந்தது. அதன்மேல் நூல். அவள் போட்ட அதே முடிச்சு.

நகத்தால் நெருடினாள். வழுக்கியது. பல்லால் கடித்தாள். இன்னும் இறுகியது.

"செத்த நேரம் பொறுங்க" என்றாள் நூர்னிசா.

இத்தா முடிய இன்னும் நான்கு மாதமும் ஐந்து நாளும் இருந்தன.