இடது பக்கப் பிள்ளையார்

"இதெல்லாம் நார்மல் மேடம்!"

கருணாகரன் இந்த உலகத்தில் கடைசியாகப் பேசிய வார்த்தைகள் இவை.

அடுத்த நொடி வண்டி குழியில் இறங்கியது.

டமார்...!

மந்தைவெளியின் அந்தத் தெருவில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஷண்முகப்ரியா அலறினாள்.

இடது சீட்டில் இருந்த கருணாகரன் அலறவில்லை.

அவன் நெற்றியில் ஒரு பள்ளம். மடியில் ஒரு பித்தளைப் பிள்ளையார். முகத்துக்கு முன்னால், காற்றுப் போன தொப்பை போல ஏர்பேக்.

சாலைக் குழிக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஈவ்லின் அந்த எஸ்.யூ.வி.யை ஒரு சுற்று சுற்றி வந்தாள். முன்பக்கம் கீறல்கூட இல்லை.

"எதுல மோதுச்சு ஜவஹர்?"

"எதுலயும் மோதலம்மா," என்றான் கான்ஸ்டபிள். "குழில எறங்கிகீது. ஏர்பேக் வெடிச்சிகீது. அதும் மூடி மேல ஒட்டிக்கினு இருந்த பிள்ளையார், பீரங்கி குண்டு கணக்கா வந்து நெத்தில அடிச்சிட்டாரு."

"பிள்ளையாரா கொலை பண்ணார்?"

"அதாம்மா ரோசன. எஃப்.ஐ.ஆர்.ல இன்னான்னு எழுதறது? ஊர்ல கலாட்டா ஆய்டும்!"

"செத்தவன் யாரு?"

"ஆழ்வார்பேட்டைல பழைய கார் விக்கிறவன். இந்த வண்டிய இந்தம்மாக்கு வித்தவனே அவன்தான்." ஜவஹர் குரலைத் தாழ்த்தினான். "நேத்து இந்தம்மா அவன் ஆபீஸ் வாசல்ல நின்னுக்கினு, 'உனக்கு இந்த வண்டியிலயேதான்டா சாவு'ன்னு கத்திகீது. தெருவே கேட்டுகீது."

ஈவ்லின் நடைபாதையில் உட்கார்ந்திருந்தவளிடம் போனாள்.

"அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம்." ஷண்முகப்ரியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவன்கிட்ட வண்டி வாங்கின எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"என்ன குறை?"

"எதைச் சொல்ல? ஏ.சி. போட்டா அனல் அடிக்குது. 'சென்னைல எல்லா ஏ.சி.யும் அப்படித்தான்'னான். மழை பேஞ்சா சன்ரூஃப் ஒழுகுது. 'வருண பகவான் ஆசீர்வாதம்'னான். ஒரு டாக்டர் வெச்சிருந்த வண்டின்னு சொல்லி வித்தான் மேடம். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாத்தா அடியில பூரா கோழி இறகு!"

"கோழி டாக்டரா இருக்கும்மா," என்றான் ஜவஹர்.

"நீ சும்மா இருய்யா. நீங்க சொல்லுங்கம்மா, இன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"குழியில இறங்கினா இடது பக்கம் கடகடன்னு சத்தம். அவன் நம்பவே இல்ல. 'வாய்யா, நீயே உக்காந்து கேளு'ன்னு என் சீட்ல உக்கார வெச்சேன். வேணும்னேதான் குழியில விட்டேன்..."

"வேணும்னே!" ஜவஹர் கைவிலங்கை எடுத்தான். "ஒத்துக்கிச்சும்மா!"

ஷண்முகப்ரியா அழ ஆரம்பித்தாள்.

"மேடம்... சத்தம் கேக்கட்டும்னுதான் விட்டேன்! பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம்... நான் ஜெயிலுக்குப் போனா அதுங்க என்ன பண்ணும்?"

ஈவ்லின் வேறெதையோ யோசித்தாள்.

"உங்க சீட்டுன்னு சொன்னீங்களே...?"

"எப்பவும் என் வீட்டுக்காரர் மகேஷ்தான் ஓட்டுவார். நான் இடது பக்கம். இன்னிக்கு அவர் தி.நகர்ல, கடையில இருக்கார். எங்க அப்பாவோட ஜவுளிக் கடை. அப்பாவுக்கு அப்புறம் என் பேர்ல இருக்கு."

"மோதாம ஏர்பேக் எப்படி வெடிக்கும்?"

ஈவ்லின் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு வண்டி நம்பரைச் சொன்னாள்.

"வணக்கம் மேடம், ரூஹி பேசறேன்! இந்த வண்டிக்கு ரீகால் இருக்கு மேடம். இடது பக்க ஏர்பேக்ல கோளாறு. பெரிய குழியில இறங்கினா தானா வெடிக்க வாய்ப்பு இருக்கு. இலவசமா மாத்தித் தர்றோம்."

"வாய்ப்பா? மெட்ராஸ்லயா?" ஈவ்லின் பெருமூச்சு விட்டாள். "ஓனருக்குச் சொன்னீங்களா?"

"போன மாசமே மகேஷ் சார்கிட்ட சொல்லிட்டோம். ரொம்ப அக்கறையா விசாரிச்சார். 'இடது பக்கம் மட்டும்தானே? டிரைவர் பக்கம் ஒண்ணும் ஆகாதே?'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டார். ஆனா மறுநாளே வண்டியை வித்துட்டேன்னு சொல்லிட்டார். மேடம், இந்த உரையாடலுக்கு அஞ்சு ஸ்டார் குடுப்பீங்களா...?"

ஈவ்லின் போனை வைத்தாள்.

"விலங்கை உள்ள வைய்யா."

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்துக் கோயில் குருக்கள் வந்தார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பதறினார்.

"ஐயையோ! இது நான் பிரதிஷ்டை பண்ணிக் குடுத்த பிள்ளையார்னா!"

"நீங்களா ஒட்டினீங்க?"

"ஒட்டினது இவா ஆத்துக்காரர். மந்திரம் நான். நடுவுல ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பிள்ளையார் இருந்தார். அவரை எடுத்துட்டு, நல்ல கனமான பித்தளைப் பிள்ளையாரா இடது பக்கம் வைக்கணும்னார். 'நடுவுலயே இருக்கட்டுமே'ன்னேன். 'என் சம்சாரம் உக்கார்ற இடம் சாமி, அவ முகத்துக்கு நேரா இருக்கணும்'னார். நேக்குக் கண் கலங்கிடுத்து!"

ஷண்முகப்ரியா அழுகையை நிறுத்தினாள்.

"எப்போ சாமி?"

"போன வெள்ளிக்கிழமை. ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சுடணும்னு ஒத்தக் கால்ல நின்னார். நேரம் சரியாத்தானே பாத்தேன்... இப்படி ஆயிடுத்தே!"

ஈவ்லின் மகேஷின் நம்பரை வாங்கிப் போட்டாள்.

"சார், மந்தைவெளியில உங்க வண்டி ஆக்சிடெண்ட். இடது சீட்ல இருந்தவங்க ஸ்பாட்லயே அவுட். உடனே வாங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.

மகேஷ் ஆட்டோவில் வந்து இறங்கினான். தலை கலைந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன. கையில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை.

"ஐயோ ஷண்மு...! என்னை விட்டுட்டுப் போயிட்டியே...!"

"எங்கயும் போகலைங்க," என்றாள் ஷண்முகப்ரியா.

மாலை கீழே விழுந்தது.

"நீ... நீயா?!"

அந்தக் குரலில் என்னென்னவோ இருந்தது. சந்தோஷம் இல்லை.

"வர்ற வழியில மாலைக்குப் பேரம் பேசவும் நேரம் இருந்துதா சார்?" என்றாள் ஈவ்லின்.

"மேடம்... நான் என்ன பண்ணேன்? வண்டியில சாமி வெச்சது குத்தமா? பக்தி மேடம்!"

"பக்திதான். ரீகால் போன் வந்ததுக்கு அப்புறம் வந்த பக்தி. வித்துட்டேன்னு சொன்ன வண்டிக்கு எதுக்கு சார் புதுப் பிள்ளையார்? அதுவும் சரியா ஏர்பேக் மூடி மேல?"

மகேஷ் குருக்களைப் பார்த்தான்.

"ஒரு சந்தேகம்," என்றாள் ஈவ்லின். "யாருக்கும் தெரியாம நீங்களே ஒட்டியிருந்தா, பழைய பிள்ளையார்னு நாங்க விட்டிருப்போம். எதுக்குக் குருக்களைக் கூப்பிட்டீங்க?"

மகேஷ் தலை குனிந்தான்.

"பூஜை பண்ணாம பிள்ளையாரை இடம் மாத்தினா... தோஷம் மேடம்."

குருக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"டைவர்ஸ் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே...!" என்றாள் ஷண்முகப்ரியா.

"கடையைக் குடுத்திருப்பியா?"

ஜவஹர் விலங்கை மறுபடி எடுத்தான். இந்த முறை சரியான கையில் பூட்டினான்.

"அப்போ நான் பாத்த நேரத்துல தப்பு இல்லையே?" குருக்களுக்கு இன்னும் அதே கவலை.

"இல்ல சாமி. நல்ல நேரம்தான்," என்றாள் ஈவ்லின். "இந்தம்மாவுக்கு."

ஷண்முகப்ரியா பிள்ளைகளை அழைத்துவர ஆட்டோ பிடித்தாள். அந்த வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகேஷைப் பின்சீட்டில் திணித்துவிட்டு ஜவஹர் ஜீப்பைக் கிளப்பினான். எதிரே ஒரு பெரிய குழி. சட்டென்று பிரேக்கை மிதித்தான்.

இடது பக்க டேஷ்போர்டில், ஈவ்லினின் முகத்துக்கு நேராக, வேளாங்கண்ணி மாதா.

"அம்மா... மாதாவக் கொஞ்சம் நவுத்தி வெச்சிடட்டா?"

"பயப்படாம விடுய்யா. இது கவர்மெண்ட் ஜீப். இதுல ஏர்பேக் எல்லாம் கிடையாது... மாதா மட்டும்தான்!"