தொடரட்டுமா?

காலை ஏழே முக்காலுக்கு அந்த அடுக்ககத்தின் மூன்று மின்தூக்கிகளிலும் சேர்த்து நாற்பத்தோரு குழந்தைகள் இறங்கினார்கள். எல்லோர் காலிலும் ஷூ இருந்தது. யாரும் தரையில் உருளவில்லை. நேற்றுவரை பிடித்த நீலச் சட்டை இன்று பிடிக்கவில்லை என்று யாரும் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. பள்ளி வண்டி கிளம்பியபோது ஒரு குழந்தை தும்மியது. அதுதான் அன்றைய காலையின் பெரிய சத்தம்.

இணக்கி வந்து இருபத்துமூன்று ஆண்டுகளாகிவிட்டன. அரிசி மணி அளவுக் கருவி. இரண்டு வயதில் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் வைப்பார்கள்; ஐந்து வயதில் எடுத்துவிடுவார்கள். பசியை, தூக்கத்தை, சிரிப்பை அது தொடாது. மூளையில் ‘மாட்டேன்’ என்று ஒன்று எழும்புமே, அதை மட்டும் எழும்புகிற இடத்திலேயே தட்டித் தூங்கவைத்துவிடும். கருவியை எடுத்தபிறகும் பழக்கம் ஆயுளுக்கும் நிற்கும் என்று நிறுவனம் உறுதியளித்தது. நின்றது.

வல்லபிக்கு மூன்று வயது. இணக்கி வைப்பதற்கு முன் அவளுக்கு ஒரு இட்லி ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். அதில் பாதி சுவருக்கு, கால்வாசி அப்பாவின் சட்டைக்கு. அப்பா அறவாழி அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். மூன்று கோபுரங்களின் தண்ணீர்த் தகராறைத் தீர்த்துவைத்த மனிதர், குளியலறை வாசலில் ஒரு துண்டோடு ஐம்பது நிமிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பார். இது வெளியே தெரியக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். குழந்தையின் கத்தல் பதினோராவது மாடிவரை கேட்டது என்பது வேறு விஷயம்.

இப்போது அந்தக் கவலை இல்லை. சங்க ஆண்டு விழாவில் ‘இணக்கமே பண்பாடு’ என்ற தலைப்பில் அவரே பேசினார். சான்றாக வல்லபியை மேடையில் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டார். அவள் முதலில் நடனம் ஆடியிருந்தாள். பிறகு வரிசையில் வந்த அத்தைகள், மாமாக்கள் ஆளுக்கொரு வாய் கேசரி ஊட்டினார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்கே வந்துடுறியா? அம்மா வேண்டாம், அப்பா வேண்டாம். என்ன?” என்றார் பொருளாளர்.

“சரி,” என்றாள் வல்லபி.

“பாத்தீங்களா, செயலாளர் பொண்ணு நம்ம கட்சி!” என்று ஒரே சிரிப்பு.

அறவாழி இருபத்திரண்டு நிமிடம் பேசினார். வல்லபி வலப்பக்கம் லேசாக வளைந்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். அழகாக நிற்கிறாள் என்று முன்வரிசையில் படம் எடுத்தார்கள். இருபத்துமூன்றாவது நிமிடம் ஒலிவாங்கியோடு சேர்ந்து சரிந்தாள்.

“குடல்வால் வெடிச்சு ரெண்டு நாளாவது ஆகியிருக்கும்,” என்றார் அறுவை மருத்துவர் ரெஜினா. அறுவை முடிந்து வெளியே வந்திருந்தார். “இந்த வலிக்குக் குழந்தை ஊரையே கூட்டியிருக்கணுமே. நீங்க ஒண்ணும் கவனிக்கலையா?”

“சாப்பிடுறியான்னு கேட்டேன், சரின்னா. டான்ஸ் ஆடுறியான்னு கேட்டேன், சரின்னா.” அம்மா பூங்கோதையின் குரல் உடைந்தது. “வலிக்குதான்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல டாக்டர். அவ்வளவு சமர்த்தா இருந்தா.”

“மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னாடி நானும் கேட்டுப் பாத்துட்டேன். வயித்துல வலிக்குதாங்கறேன், சரிங்கறா. மூக்குல வலிக்குதாங்கறேன், அதுக்கும் சரிங்கறா. உள்ள சீழ் பரவியிருக்கு. இன்னொரு இடத்துல கட்டினா ஸ்கேன்ல தெரியறதுக்குள்ள நேரம் தப்பிடும். குழந்தை கத்தணும், கையைத் தட்டிவிடணும். எனக்கு அதுதான் வேணும். அந்த இணக்கியை நிறுத்துங்க.”

“நீங்களே எடுத்துடக் கூடாதா?” என்றார் அறவாழி.

“அதை எடுக்கணும்னா இன்னொரு தடவை மயக்கம் கொடுக்கணும். தாங்க மாட்டா.”

நிறுவனத்திலிருந்து நவிலன் என்ற இளைஞன் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டான். வெளுத்த சட்டை, வெளுத்த சிரிப்பு. கையில் ஒரு சிறிய திரை.

“இணக்கியைத் தொடங்கறதுக்குப் பெற்றோர் சம்மதம் போதும் சார். ஆனா தொடர்றதுக்குக் குழந்தையோட சம்மதம் கேக்கணும். குழந்தை உரிமைச் சட்டம். மாசாமாசம் நாங்க கேக்கறோமே. குழந்தை ‘வேண்டாம்’னு சொன்னா அந்த நிமிஷமே நின்னுடும்.”

“இதுவரைக்கும் எத்தனை குழந்தை சொல்லியிருக்கு?”

“ஒண்ணுகூட இல்ல சார்,” என்றான் பெருமையாக. “நூற்றுக்கு நூறு திருப்தி. விளம்பரத்துல பாத்திருப்பீங்க.”

அறவாழி பார்த்திருந்தார். தம் உரையில் அதை மேற்கோள் காட்டியும் இருந்தார்.

நவிலன் படுக்கையருகே குனிந்து திரையைப் பார்த்துப் படித்தான். “வல்லபி, உன் இணக்கி தொடரட்டுமா?”

“சரி.”

“சம்மதம் சொல்லிட்டாங்க சார்.”

அதன்பிறகு அறவாழி தம் மகளை மறுக்கவைக்கப் பார்த்தார். அவள் அணைத்துக்கொண்டிருந்த துணி முயலைப் பிடுங்கினார். தந்துவிட்டாள். தலையை மொட்டை அடித்துவிடலாமா என்றார். சரி. கசப்பு மருந்தை நீட்டினார். வாயைத் திறந்தாள். செவிலியர் ஓடிவந்து தடுத்தார்.

“அப்பா உன்னை இங்கயே விட்டுட்டுப் போயிடட்டுமா? திரும்பி வரவே மாட்டேன். போகட்டுமா?”

அவள் கண்ணோரம் நனைந்தது. இணக்கி கண்ணீரைத் தொடாது. “சரி,” என்றாள்.

பூங்கோதை நவிலனிடம் திரும்பினாள். “கேள்வியை மாத்திக் கேளுங்க. ‘நிறுத்தட்டுமா’ன்னு கேளுங்க. அதுக்கும் சரின்னுதானே சொல்லுவா?”

“வாசகத்தை மாத்தறது குற்றம் மேடம். பதினாலு பேர் குழு பதினோரு மாசம் உக்காந்து முடிவு பண்ணின வாசகம்.”

“ரெண்டே வார்த்தைக்கா?”

“‘உன்’னோட சேத்தா மூணு மேடம்.”

அறவாழி அவன் சட்டையைப் பிடித்தார். “நிறுத்தட்டுமான்னு கேளுடா!”

“சரி சார்,” என்றான் நவிலன்.

அவர் பிடியைத் தளர்த்தினார். அவன் உண்மையாகவே திரையில் எழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தான். “உனக்கு வயசு என்ன தம்பி?” என்றார் அறவாழி.

“இருபத்தஞ்சு சார். இணக்கி வெச்ச முதல் தொகுதிக் குழந்தை நான். அதான் என்னை இந்த வேலைக்கு எடுத்தாங்க. வாடிக்கையாளர்கிட்ட நான் முடியாதுன்னு சொன்னதே இல்ல.” சொல்லிவிட்டுக் குனிந்தான். “வல்லபி, உன் இணக்கியை நிறுத்தட்டுமா?”

“சரி.”

அன்று மாலை ரெஜினா இடப்பக்க வயிற்றைத் தொட்டபோது வல்லபி கத்தினாள். அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் மருத்துவரின் கையைத் தட்டிவிட்டாள், போர்வையை உதைத்தாள், அம்மாவின் கன்னத்தைக் கீறினாள். “தொடாதே, தொடாதே, போ!” ரெஜினா சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். கத்தல் எந்த இடத்தில் உச்சத்துக்குப் போனதோ அந்த இடத்தில் சீழ் கட்டியிருந்தது. ஊசிக்குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

கீறிய கன்னத்தைத் தடவிக்கொண்டு பூங்கோதை அழுதாள். “இனி ஆயுசுக்கும் இந்தச் சனியன் நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்க.” அறவாழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். இருவரும் அதை மனதாரச் சொன்னார்கள். அதில் சந்தேகம் வேண்டாம்.

இரண்டாம் நாள் வல்லபி ஊசி வேண்டாம் என்றாள். பெற்றோர் பூரித்துப்போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்காம் நாள் கஞ்சி வேண்டாம் என்றாள், பிறகு அதே கஞ்சிதான் வேண்டும் என்றாள், வந்ததும் அது அந்தக் கஞ்சி இல்லை என்றாள். ஆறாம் நாள் செவிலியரைக் கடித்தாள். ஏழாம் நாள் சங்கத் தலைவர் பழக்கூடையோடு பார்க்க வந்தபோது, “நீ போடா,” என்றாள். தலைவர் சிரித்தார். போகும்போது அறவாழியிடம், “அடுத்த மாசம் அடுக்கக விருதுக் குழு வருது. அதுக்குள்ள பாப்பா சரியாயிடுவா இல்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் காலை. வீட்டுக்குப் போகும் நாள். பூங்கோதைக்கு விடுப்பு அன்றோடு முடிகிறது. மருந்து ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று ரெஜினா சொல்லியிருந்தார். அந்த வேளை மருந்து அறவாழியின் சட்டையில் இருந்தது. வல்லபி கட்டிலுக்கடியில் இருந்தாள். ஐம்பது நிமிடமாக இருந்தாள்.

அப்போது நவிலன் வந்தான். அதே சிரிப்பு.

“கோப்பை மூடணும் சார். நிறுத்தின பத்து நாளுக்குள்ள பெற்றோர்கிட்ட ஒரு தடவை கேக்கணும்னு விதி. வேண்டாம்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும், இனி வரவே மாட்டேன். பதினஞ்சு நொடிக்குள்ள பதில் இல்லைன்னா சம்மதம்னு பதிவாயிடும்.” திரையைப் பார்த்துப் படித்தான். “வல்லபியின் இணக்கியை மீண்டும் தொடங்கட்டுமா?”

அறவாழி மனைவியைப் பார்த்தார். அவள் சொல்லுவாள். பூங்கோதை கணவனைப் பார்த்தாள். அவர் சொல்லுவார்.

திரையில் எண்கள் இறங்கின. பதினொன்று. பத்து. ஒன்பது.

“வேண்டாம்!” என்று கட்டிலுக்கடியிலிருந்து குரல் வந்தது. “வேண்டாம்! வேண்டாம்!”

நவிலன் பொறுமையாகக் காத்திருந்தான். கேள்வி அவளுக்கானது அல்ல.