நார்த்மீட்டில் தொலைந்த ஹீப்ரு புத்தகம்

சிட்னியின் நார்த்மீட் பகுதியில் ஞாயிறு மதியம் இரண்டு மணி. தாரிணியின் மேசைமேல் மரப்பெட்டி இருந்தது. பெட்டிக்குள் வெல்வெட் துணி இருந்தது. துணிக்குள் இருக்கவேண்டிய புத்தகம் மட்டும் இல்லை.

தாரிணி போட்ட சத்தத்தில், குசினியில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சிவாஜினி துருவலும் கையுமாக ஓடி வந்தார்.

சிவாஜினி பக்கத்து வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்தவர். சிட்னி விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைப் பிரித்துக் கருவாடும் மாங்கொட்டையும் பிடிப்பதே அவருடைய உத்தியோகம். பால்மா டின்னுக்குள் கறிவேப்பிலைக் கன்றை ஒளித்து வந்தவர்கள்கூட அவர் பார்வையைத் தாங்காமல் தாங்களாகவே டின்னைத் திறந்து நீட்டியதுண்டு. போன வருடம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து, யாராவது எதையாவது ஒளிக்கமாட்டார்களா என்று மனுஷி ஏங்கிப்போயிருந்தார்.

“ஒருத்தரும் வெளியில போகப்படாது!” என்று வாசற்கதவை மறித்து ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். “இப்ப சொல்லு பிள்ளை, என்ன புத்தகம்?”

நானூறு வருடப் பழைய அச்சுப் புத்தகம். மறுமலர்ச்சிக் கால இத்தாலியில், வீட்டுப்படி தாண்டாமல், வந்துபோன மாலுமிகளையும் வியாபாரிகளையும் துருவித் துருவிக் கேட்டே உலகத்தை எழுதிய யூத அறிஞர்கள் இருந்தார்கள். கள்ளிக்கோட்டை மிளகையும் புதிதாய்த் தென்பட்ட அமெரிக்காவையும் அவர்கள் ஹீப்ருவில் எழுதி வைத்தார்கள். அவர்களில் ஒருவர் எழுதியதுதான் இந்தப் புத்தகம். தாரிணியின் முனைவர் பட்ட ஆராய்ச்சியே அவர்களைப் பற்றியதுதான். புத்தகத்தின் சொந்தக்காரர் நகரின் வடக்கே செயின்ட் ஐவ்ஸில் வசிக்கும் ஃபிங்கல்ஸ்டைன் என்ற கிழவர். யாருக்கும் எதையும் தராத மனிதர், இன்று மாலை அவள் நூலகத்தில் பேசும்போது காட்டுவதற்காக மனமிரங்கிக் கொடுத்திருந்தார்.

“நாலு மணிக்கு அவரே கார்ல வந்து என்னையும் புத்தகத்தையும் கூட்டிட்டுப் போறாரு ஆன்ட்டி. புத்தகம் இல்லைன்னா அவர் வீட்டுல மிச்சமிருக்கிற எதையும் கண்ணுல காட்டமாட்டாரு. என் மூணு வருஷப் படிப்பு அத்தோட போச்சு!” தாரிணிக்கு அழுகை முட்டியது.

“அழாத. ஆர் ஆர் வந்தவை இண்டைக்கு?”

அன்று சரஸ்வதி பூஜை. தாரிணியின் கணவன் ஜெகதீஷ் வேலை இருப்பதாகச் சொல்லி மெல்பர்னுக்குத் தப்பிவிட்டான். அவன் தப்பியதற்குக் காரணம் அவனுடைய அப்பா பழனிசாமி. கோபிசெட்டிபாளையத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர், விசிட்டர் விசாவில் வந்து இந்த வீட்டையும் பள்ளிக்கூடமாக்கியிருந்தார். பூஜைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவர வேண்டும். அவரவர் கையால் பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி, பலகையில் வைத்துப் பொட்டு வைக்க வேண்டும். வைத்த புத்தகத்தை மறுநாள் காலை விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது. சாப்பாட்டு மேசை முழுக்கக் கத்தரிக்கோலும் பசையுமாகக் காலையில் ஒரே அமளி. அந்த அமளிக்கு நடுவில்தான் தாரிணி ஹீப்ரு புத்தகத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டு, பெட்டியில் வைத்து, குளிக்கப் போனாள்.

சிவாஜினியைத் தவிர வந்தவர்கள் இரண்டே பேர், இருவரும் பாயசத்துக்காக இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் துஷாந்த், பக்கத்துப் பென்டில் ஹில் பகுதிக்காரன். பழைய சாமான்களை வாங்கி இணையத்தில் விற்கிறவன். மற்றவன் பிரசன்னா, சென்னைக்காரன். தாரிணியின் பல்கலைக்கழகம்தான், அதே துறைதான், ஹீப்ருவும் படிப்பவன்.

“தம்பி துஷாந்த், பையைத் திற.”

“சீரியஸ்லி, அன்ரி?” துஷாந்த் பையை மார்போடு அணைத்துக்கொண்டான். “பிரைவசி எண்டு ஒண்டு இருக்குத் தெரியுமோ?”

“எயார்போர்ட்டில எல்லாரும் இதைத்தான் சொன்னவை.”

சிவாஜினியின் மூக்கு ஒருமுறை விரிந்து சுருங்கியது. பையின் அடியில் துண்டில் சுற்றி ஒரு பொட்டலம். பிரித்தால் பொரித்த கோழி! விரத வீட்டுக்குள் கோழியைக் கண்ட பழனிசாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“வாற வழியில வாங்கினனான், திரும்பிப் போகேக்க சாப்பிட…” என்று துஷாந்த் முனகினான். கோழி உடனே நாடு கடத்தப்பட்டு வாசலுக்கு வெளியே போனது. வேறொன்றும் அவன் பையில் இல்லை.

பிரசன்னா தானாகவே பையைத் திறந்து வைத்தான். மடிக்கணினி, குடை, தண்ணீர் போத்தல், ஒரு தடித்த தமிழ் அகராதி. சிவாஜினி எல்லாவற்றையும் பார்த்து, “நன்றி தம்பி” என்று ஜிப்பைத் தானே இழுத்து மூடினார்.

பிறகு வீட்டைத் தலைகீழாகக் கவிழ்க்காத குறைதான். சலவை இயந்திரம், அரிசி வாளி, கட்டிலடி, ஜெகதீஷின் கோல்ஃப் பை எல்லாம் பார்த்தாயிற்று. எஞ்சியது பூஜை அறை ஒன்றுதான். அதன் வாசலில் பழனிசாமி இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“இதுல மட்டும் கை வெக்கப்படாதுங்கம்மா.”

“நான் தொடமாட்டன் மாஸ்டர். பார்க்கலாம்தானே?”

பார்ப்பதைத் தடுக்க அவரிடம் சட்டம் இல்லை. விலகி நின்றார்.

குத்துவிளக்கின் கீழே பலகையில் புத்தகங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாம் ஒரே பிரவுன் நிறம், எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். சீட்டுகளில் பெயர்கள் நேராக, நிற்பவர் வாசிக்கும்படி இருந்தன. பழனிசாமி, தாரிணி, துஷாந்த், சிவாஜினி. ஓரத்தில் பிரசன்னா. அந்தக் கடைசிப் புத்தகத்தின் முதுகு வலப்பக்கச் சுவரை ஒட்டியிருந்தது, தாள்கள் திறக்கும் பக்கம் மற்றவற்றைப் பார்த்து இருந்தது. சிவாஜினி நெடுநேரம் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு சந்தோஷம், கருவாடு அகப்பட்ட சந்தோஷம்.

மூன்றரை மணிக்கு எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தார்.

“தம்பி பிரசன்னா, பூஜைக்கு என்ன புத்தகம் கொண்டு வந்தனீங்கள்?”

“தமிழ் அகராதி ஆன்ட்டி. வருஷா வருஷம் அதான் வெப்பேன்.”

“வைச்சாச்சோ?”

“வெச்சுட்டேனே. பேர்கூட எழுதி ஒட்டியிருக்கு.”

“அப்ப உங்கட பையில கிடக்கிற அகராதி, பலகையில இருந்து தானா நடந்து வந்ததோ?”

பிரசன்னா பையைக் காலால் பின்னுக்குத் தள்ளினான். “அது… என்கிட்ட ரெண்டு இருக்கு.”

“இருக்கட்டும். நான் ஒண்டும் தொடேல்ல, பார்த்தனான் மட்டும்தான். அங்க எல்லாப் புத்தகத்துக்கும் முதுகு இடப்பக்கம். எங்கட புத்தகங்கள் அப்பிடித்தானே, இடக்கைப் பக்கம் தைச்சு, வலக்கைப் பக்கம் திறக்கும். உங்கட பேர் போட்ட புத்தகத்துக்கு மட்டும் முதுகு வலப்பக்கம். ஹீப்ரு வலமிருந்து இடம் வாசிக்கிற பாஷை. எங்களுக்குப் பின்னட்டை எதுவோ, அதுதான் அவைக்கு முன்னட்டை. வேற ஆர் அட்டை போட்டிருந்தாலும் எங்கட வழக்கத்துக்குச் சீட்டை ஒட்டியிருப்பினம். இந்த வீட்டில ஹீப்ரு புத்தகத்தின்ரை முகம் எந்தப் பக்கம் எண்டு கைக்குத் தெரிஞ்ச ஆக்கள் ரெண்டே பேர். ஒராள் அழுதுகொண்டிருக்கிறா. மற்றாள் நீங்கள்.”

தாரிணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பையில ஒளிச்சா நான் பிரிச்சுப் பார்ப்பன் எண்டு உங்களுக்குத் தெரியும். ஆனா பூஜையில வைச்ச புத்தகத்தை எந்தத் தமிழனும் நாளைக் காலமை வரைக்கும் தொடான். நாளைக்கு அவரவர் புத்தகத்தை எடுக்கேக்க, உங்கட பேர் எழுதினதை நீங்கள் கும்பிட்டு எடுத்துக்கொண்டு போவீங்கள். சரஸ்வதியையே காவலுக்கு வைச்ச கள்ளனை நான் என்ரை சர்வீஸில கண்டதில்லை!”

பிரசன்னா தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். “எத்தனை தடவை கேட்டும் அந்தக் கிழவர் எனக்குத் தரல. இவளுக்கு மட்டும் தந்தாரு. வயித்தெரிச்சல்… படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துடலாம்னுதான்…”

“அட கிரகமே!” என்றார் பழனிசாமி.

தாரிணி பூஜை அறைக்கு ஓடினாள். பழனிசாமி அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

“திருட்டு வேற, பூஜை வேற. வெச்சது வெச்சதுதான். நாளைக்குக் காலைல எடுத்துக்கம்மா.”

“மாமா, அவர் வந்துட்டிருக்காரு!”

அழைப்புமணி அடித்தது.

ஃபிங்கல்ஸ்டைன் உள்ளே வந்தார். குள்ளமான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. புத்தகம் நூலகத்துக்குப் போய்விட்டது என்று ஒரு பொய் தாரிணியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். திருட்டு, பொட்டு, மாமனார் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் கொட்டினாள். கடைசியில், “என் கவனக்குறைவுதான். என்னை மன்னிச்சிடுங்க” என்றாள்.

கிழவர் பூஜை அறையை எட்டிப் பார்த்தார். பழனிசாமி, “நோ டச்சிங். டுமாரோ மார்னிங்” என்றார் கறாராக.

“இன்று மட்டும் புத்தகங்களைத் தொடக்கூடாதா? ஏன்?”

“அதுங்களுக்கு இன்னைக்கு ஓய்வு” என்று தாரிணி தயங்கிச் சொன்னாள்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது.

“வாரம் முழுக்கக் கற்களை உருட்டிக்கொண்டு ஓடி, சனிக்கிழமை ஓய்வுநாளில் மட்டும் அசையாமல் நிற்கும் ஆறு ஒன்று உண்டென்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். இந்தப் புத்தகத்தை எழுதியவரும் அதைத்தான் தேடினார். உங்கள் இந்தியா பக்கம் இருக்கும் என்று ஊகித்தார், பாவம், கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய புத்தகத்துக்கு இன்று ஒரு ஓய்வுநாள் கிடைத்திருக்கிறது. அதைப் போய் நான் எழுப்புவேனா?”

“ஆனா என் பேச்சு? கையில காட்ட ஒண்ணும் இல்லையே?”

“அவரும் எதையும் நேரில் பார்க்காமல்தானே உலகத்தையே சொன்னார். நீ அவரை வரிவரியாகப் படித்தவள். போய்ப் பேசு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம், நீ சொல்லவில்லை. நாளை மறுநாள் என் வீட்டுக்கு வா. அலமாரிச் சாவியைத் தருகிறேன். எதை வேண்டுமானாலும் எடுத்துப் படி.”

தாரிணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெறுங்கையோடு அவர் பின்னால் போய்க் காரில் ஏறினாள்.