தோலுக்கு வெளியே ஒரு புள்ளி

சுரீர் என்ற அந்த உணர்வு கையில் வரவில்லை, மேஜையில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். லேபில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. வலது கையை மேஜைமேல் நீட்டி வைத்துக்கொண்டு, இடது ஆள்காட்டி விரலால் மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை தட்டிப் பார்த்தாள். எங்கும் ஒன்றுமில்லை. அலுத்துப்போய் விரலைக் கீழே போட்டபோதுதான், கைக்கு நான்கு விரற்கடை தள்ளி, வெறும் மரத்தில், சுரீர்.

இரண்டு மாதத்துக்கு முன் இதே மேஜையில் ஒரு குடுவை உடைந்து அவள் மணிக்கட்டு நரம்பை அறுத்துவிட்டது. தைத்துவிட்ட டாக்டர், நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், தட்டினால் சுரீர் என்கிற இடம்தான் அதன் நுனி, தினம் ஒரு பேனாப் புள்ளி வைத்துக்கொள் என்றார். விரலில் உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார். “இருக்கறதை வெச்சுப் பழகிக்கோங்கம்மா.”

“பழகிக்க நான் என்ன வாடகை வீட்டுக்கா வந்திருக்கேன்? இது என் கை டாக்டர்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவள் அவள்.

பன்னிரண்டு வருடமாக நரம்பு செல்களை வளர்ப்பதுதான் அவள் வேலை. வளரும் நரம்பின் நுனிக்குக் கண் கிடையாது. மெல்லிய இழைகளை நீட்டித் தடவிக்கொண்டே போகும். வழியில் மற்ற செல்கள் அதற்கு வேதிப்பொருளால் இரண்டே சேதி சொல்லும். ஒன்று, வா. இன்னொன்று, நில். காயத்தின் தழும்பு ஓயாமல் ‘நில்’ என்று சொல்லும். அதை நரம்பின் காதில் விழாமல் அடைக்கும் மருந்து லேப் ஃபிரிட்ஜில் இருந்தது. மனிதருக்கு யாரும் போட்டதில்லை. அவள் யாரையும் கேட்காமல் தனக்கே நான்கு ஊசி போட்டுக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆபரேஷனில் வெட்டி எறிந்த நூல் போன்ற நரம்புத் துண்டை நர்ஸிடம் கெஞ்சி வாங்கி வந்து, மருந்தைச் சோதிக்கவென்று இன்குபேட்டரில் உயிரோடு வைத்திருந்தாள். அறுந்த துண்டில் நரம்பைப் போர்த்தியிருக்கும் உறைசெல்கள், போன நரம்பை வாரக்கணக்கில் ‘வா, வா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மாணவர்களுக்கு நூறு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இருந்தும் தன் கையிலிருந்து ஆறு மீட்டர் தூரத்தில் அதைக் கூப்பிட வைத்தவளும் அவளேதான்.

கையைப் பார்த்தாள். உள்ளங்கையை நோக்கி நேராகப் போன புள்ளிகளில் கடைசி ஐந்து மட்டும் பக்கவாட்டில் திரும்பி, தோலின் ஓரத்தில் முடிந்திருந்தன. சரியாகத் தட்டவில்லை என்று நினைத்திருந்தாள். எழுந்து மேஜையைத் தட்டிக்கொண்டே நகர்ந்தாள். மர விளிம்பில் சுரீர். நாற்காலிக் கையில் சுரீர். பிளீச் வாடையும் ஃபிரிட்ஜின் உறுமலும் நிறைந்த அந்த அறையில், ஜன்னல் திரையின் கோடு கோடான நிழலுக்குள் மண்டியிட்டு, ஒவ்வொரு தரைக்கல்லாகத் தட்டிக்கொண்டே போனாள். கண்ணுக்கு ஒரு இழைகூடத் தெரியவில்லை. இன்குபேட்டர் கதவில் போய் முடிந்தது.

கதவைத் திறந்து, நரம்புத் துண்டு இருந்த கண்ணாடித் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். செல்கள் வரிசையாக நின்றன. ஐந்து வரிசை. நடுவில் இருப்பது நீளம், ஓரத்தில் இருப்பது கட்டை.

இடது விரலால் தட்டுக்குள் தொட்டாள். இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்த அவளுடைய வலது விரல்கள் ஐந்திலும் ஈரம் தெரிந்தது. இளஞ்சூடு தெரிந்தது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இதைத்தானே கேட்டாள்? கதவைச் சாத்திவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். விரல்கள் அவளுக்குத்தான், என்ன, இருக்கும் இடம் மட்டும் இந்தத் தட்டு.

“என் விரல் எங்க இருக்கணும்னு நீ சொல்லாதே” என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள். பிளீச்சைக் கவிழ்த்தாள்.

வலி. நகக்கண்ணில். எலும்பில். பல்லைக் கடித்தாள். அப்புறம் ஒன்றுமே இல்லை. தரையைத் தட்டினாள். வெறும் கல். மேஜையைத் தட்டினாள். வெறும் மரம். கை மரத்துக் கிடந்தது, ஆனாலும் சிரிப்பு வந்தது.

“எவ்ளோ நேரம்டி நான் கார்லயே உட்கார்ந்திருக்கறது?” என்று அக்கா உள்ளே வந்தாள். அக்காவின் வலது கட்டைவிரலில் கட்டு.

“என்னக்கா அது?”

“காய் நறுக்கும்போது கத்தி வழுக்கிடுச்சு. சின்னக் காயம்தான்.”

எந்தக் காயமும் கூப்பிடும். ‘நில்’ என்பது இனி இந்த நரம்புக்குக் கேட்கவே கேட்காது.

“கிட்ட வராதே. வெளிய போ.”

அக்கா நின்றாள். கட்டைவிரலை உதறினாள். “என்னடி இது... சுரீர்ங்குது?”

அவளுக்குத் தெரிந்தது. தன் கட்டைவிரலில், இல்லாத கட்டின் இறுக்கம். அதற்குள் அக்காவின் காயம் விண் விண்ணென்று தெறித்தது. பயத்தில் விரலை மடக்கினாள். எதிரே அக்காவின் விரல் மடங்கியது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

டிரேயிலிருந்து அறுவை பிளேடை இடது கையில் எடுத்தாள். பழைய தழும்பின்மேல் வைத்தாள். இனி இந்தக் கை தேறாது. தேறவேண்டாம்.

“பயப்படாதேக்கா. உன் கை உன்னோடதுதான். இதை நான் அறுத்துடறேன்.”

அக்கா பாய்ந்து வந்து வலது கையால் அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தாள்.

“விடுக்கா.”

“நான் பிடிக்கலடி.” அக்காவின் முகம் வெளுத்திருந்தது. “சத்தியமா நான் பிடிக்கல.”

அக்காவின் பிடி வழியாக, தன் செத்த வலது விரல்களால், தன் இடது மணிக்கட்டின் சூட்டை உணர்ந்தாள். எலும்பை. நாடித்துடிப்பை.

பிடி இறுகியது. அவள் பிளேடை விடவில்லை. அழுத்தினாள்.